ஆங்கில இறந்தகாலத்தைக் காதால் பழகுவது எப்படி

கோ, வென்ட், கான். கம், கேம், கம். மூன்று பத்தி போட்ட அந்த அட்டவணையை ஒப்பித்துத்தான் நம்மில் பெரும்பாலானவர்கள் ஆங்கிலத்தின் இறந்தகால வினைகளைக் கற்றோம், நானும் அப்படித்தான். ஒப்பிக்கச் சொன்னால் தடங்கல் இல்லாமல் வரும். ஆனால் யாராவது எதிரே நின்று நேற்று என்ன செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டால் ஒன்று வாயடைத்துப் போகும், இல்லை "ஐ டிட் நாட் வென்ட்" என்று வந்து விழும். பல வருடம் கழித்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோதுதான் கோளாறு எங்கே என்று எனக்குப் பிடிபட்டது. அந்த அட்டவணை எழுத்து வரிசையில் அடுக்கப்பட்டது. ஒரே மாதிரி மாறுகிற கீப், ஸ்லீப், வீப் மூன்றும் அதில் வெவ்வேறு பக்கங்களில் கிடக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பீட், பிகம், பிகின் மூன்றும் அடுத்தடுத்து நிற்கும். காது பிடித்துக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை.

நீங்கள் தமிழில் இறந்தகாலத்தை எப்படிக் கற்றீர்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள். விழு, விழுந்தான். எழு, எழுந்தான். அதே ஓசையில் முடிகிற அழு மட்டும் அழுதான் ஆகிறது; உழு, தொழு இரண்டும் அழுவோடு சேர்ந்துகொள்கின்றன. நில் என்றால் நின்றான், கேள் என்றால் கேட்டான், ஓடு என்றால் ஓடினான், விடு என்றால் விட்டான். த், ட், ற், இன் என்று நான்கு இறந்தகால இடைநிலைகளை நன்னூல் சொல்கிறது, எந்த வினைக்கு எது என்பதை நாம் யாரும் மனப்பாடம் செய்யவில்லை. ஒரே ஓசைக்காரர்களைக் காது தானாகக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து வைத்துக்கொண்டது. ஆங்கிலத்துக்கும் அதே வழிதான். கீழே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் இதனால் பயன் இல்லை.

ஒரு நிம்மதியான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார்கள், வந்தது என்று ஆளுக்கு ஆள் விகுதி மாறும். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே கேம்தான். இரண்டு வடிவம் உள்ள ஒரே வினை "பி", அதாவது இருத்தல்: ஐ, ஹி, ஷி, இட் வந்தால் வாஸ், யூ, வி, தே வந்தால் வேர். எதிரே நிற்பவர் ஒரே ஆள் என்றாலும் யூ வேர்தான், யூ வாஸ் கிடையாது. ஒருவரையே நீங்கள் என்று அழைத்துவிட்டால் வினையும் வந்தீர்கள் என்று பன்மைக்குப் போய்விடுகிறதே, அதே கதைதான். யூ என்பதும் ஒரு காலத்தில் பன்மைச் சொல்லாக இருந்ததுதான்.

இ-டி சேர்ப்பது: எழுத்து ஒன்று, ஓசை மூன்று

ஆங்கில வினைகளில் மிகப் பெரும்பாலானவை கடைசியில் இ-டி சேர்த்தால் இறந்தகாலம் ஆகிவிடும். புதிதாக மொழிக்குள் வருகிற வினை எதுவானாலும் இந்த வழியில்தான் போகிறது. கூகுளில் தேடினேன் என்பதற்கு கூகுள்ட், குறுஞ்செய்தி அனுப்பினேன் என்பதற்கு டெக்ஸ்டட். எழுதுவதில் பெரிய சிக்கல் இல்லை. சொல்வதில்தான் நாம் சறுக்குகிறோம், அதுவும் எல்லோரும் ஒரே இடத்தில்: வாக்கெட், ஆஸ்கெட், ஸ்டாப்பெட் என்று எழுத்தில் உள்ள இ-யை உச்சரித்துவிடுகிறோம். அந்த இ எழுத்தில் மட்டும் உள்ளது. பழைய ஆங்கிலத்தில் அதை உண்மையிலேயே உச்சரித்தார்கள், பிற்பாடு வாய் விட்டுவிட்டது, எழுத்து விடவில்லை.

தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொள்ளுங்கள். பட்டு என்னும்போது வரும் ட் வல்லோசை, அதைச் சொல்லும் கணத்தில் தொண்டை அதிராது. வீடு என்னும்போது வரும் ட் மெல்ல ஒலிக்கும், தொண்டை அதிரும். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் நாம் வித்தியாசத்தைக் கவனிப்பதே இல்லை, ஆனால் வாய்க்கு அது நன்றாகத் தெரியும். இப்போது ஆங்கில வினையின் கடைசி ஓசையைப் பாருங்கள். அது தொண்டை அதிராத ஓசை என்றால், அதாவது வாக், ஸ்டாப், வாஷ், வாட்ச், லாஃப், கிஸ் போல முடிந்தால், பட்டின் ட் மட்டும் ஒட்டும்: வாக்ட், ஸ்டாப்ட், வாஷ்ட், வாட்ச்ட், லாஃப்ட், கிஸ்ட். அதிரும் ஓசை என்றால், உயிரோசை எல்லாமும் இதில் அடக்கம், வீடு என்பதன் ட் ஒட்டும்: ப்ளேட், கால்ட், ஓபன்ட், லிவ்ட், க்ளீன்ட், ட்ரைட். இரண்டிலும் அசை கூடாது. வாக் ஓர் அசை, வாக்ட்டும் ஓர் அசைதான். கையைத் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள், இரண்டு தட்டு விழுந்தால் நீங்கள் இ-யை உள்ளே விட்டுவிட்டீர்கள்.

வினையே ட் ஓசையில் முடிந்தால் மட்டும்தான் இன்னோர் அசை வரும். வான்ட் என்பதோடு இன்னொரு ட் ஒட்ட முடியாது, நடுவில் ஓர் உயிர் தேவைப்படுகிறது, அதனால் வான்டிட். நீட், நீடிட். ஸ்டார்ட், ஸ்டார்டிட். வெய்ட், வெய்டிட். டிசைட், டிசைடிட்.

கஷ்டமான ஒன்று ஆஸ்க்ட். கடைசியில் மூன்று மெய் வரிசையாக வருகின்றன, தமிழ் வாய்க்கு அது பழக்கம் இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே வேகத்தில் நடுவில் உள்ள க்-ஐ விழுங்கி ஆஸ்ட் என்கிறார்கள், நீங்களும் தாராளமாக அப்படிச் சொல்லலாம், ஆஸ்கெட்டைவிட அது எவ்வளவோ மேல். இன்னொரு வழி, அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் அதோடு ஒட்டிவிடுவது. மரங்கள், எல்லாம் இரண்டும் சேர்ந்தால் மரங்களெல்லாம் ஆவது போல மெய்யின் மேல் உயிர் ஏறட்டும்: "வாக்ட் அவுட்" என்பது வாக்டவுட், "ஆஸ்க்ட் அஸ்" என்பது ஆஸ்க்டஸ். புணர்ச்சி நமக்குப் பழகிய வித்தை, அதை இங்கே பயன்படுத்தாமல் இருப்பது வீண். அதற்கு நேர் எதிராக, அடுத்த சொல்லும் ட் ஓசையில் தொடங்கினால் இந்த ட் கிட்டத்தட்டக் காணாமலே போகும். "ஸ்டாப்ட் டாக்கிங்" என்பதில் இரண்டு ட்-ஐயும் யாரும் தனித்தனியாகச் சொல்வதில்லை. பேச்சைக் கேட்கும்போது இறந்தகாலமே காதில் விழவில்லையே என்று பலர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

எழுத்துக்கூட்டு விதிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். ஏற்கனவே இ-யில் முடியும் லவ், டான்ஸ் போன்றவற்றுக்கு டி மட்டும் போதும். மெய்யெழுத்துக்குப் பின் ஒய் வந்தால், ட்ரை, க்ரை, ஸ்டடி, கேரி போல, ஒய் போய் ஐ-இ-டி வரும்; ப்ளே, என்ஜாய் போல ஒய்-க்கு முன்னால் உயிரெழுத்து இருந்தால் ஒய் அப்படியே நிற்கும். ஸ்டாப், ப்ளான் போல ஒற்றை உயிரெழுத்தும் அதன் பின் ஒற்றை மெய்யெழுத்துமாக முடியும் குட்டிச் சொற்களில் அந்த மெய் இரட்டிக்கும், டபிள்யூ, எக்ஸ், ஒய் மூன்றும் மட்டும் ஒருபோதும் இரட்டிக்காது. இரண்டு அசைச் சொல் என்றால் அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேளுங்கள்: ப்ரிஃபர் என்பதில் அழுத்தம் பின்னால், அதனால் ஆர் இரட்டிக்கும், விஸிட், ஓபன் இரண்டிலும் அழுத்தம் முன்னால், இரட்டிக்காது. ட்ராவல் மட்டும் நாட்டைப் பொறுத்தது, பிரிட்டன் வழக்கில் இரண்டு எல், அமெரிக்க வழக்கில் ஒன்று. எந்த வழக்கை எடுத்தாலும் கட்டுரை முழுக்க அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அடங்காத வினைகள் ஏன் அன்றாட வினைகளாகவே இருக்கின்றன

பி, ஹேவ், டூ, சே, கோ, கெட், மேக், நோ, திங்க், டேக், ஸீ, கம். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் வினைகளின் முன்வரிசை கிட்டத்தட்ட இதுதான், இதில் ஒன்றுகூட இ-டி வழிக்கு வராது. இது தற்செயல் இல்லை. தினமும் நூறு முறை வாயில் புரளும் சொல்லின் பழைய வடிவத்தை யாரும் மறப்பதில்லை. எப்போதாவது வரும் சொல் என்றால் மறந்துபோய் இ-டி போட்டுவிடுகிறார்கள், தலைமுறை தலைமுறையாக அப்படிப் போட்டே அது ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. ஹெல்ப் என்பதற்கு ஒரு காலத்தில் ஹோல்ப் என்ற இறந்தகாலம் இருந்தது, இன்று ஹெல்ப்ட். 2007-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில் பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளை எடுத்துப் பார்த்தார்கள், அவற்றில் 98 மட்டுமே இன்றும் ஒழுங்கற்றவையாக நிற்கின்றன. ஆகவே நீங்கள் படிக்க வேண்டிய கூட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது என்ற பயம் வேண்டாம், அது தேய்ந்துகொண்டு வருகிறது. அப்புறம் அந்த விசித்திரமான வென்ட்: அது கோ-வின் பிள்ளையே இல்லை. வென்ட் என்று மெல்ல ஒலிக்கும் முடிவோடு ஒரு தனி வினை இருந்தது, வழி பிடித்துப் போவது என்று பொருள், அதன் இறந்தகாலத்தை கோ எடுத்துக்கொண்டது. ஸென்ட், ஸ்பென்ட் இரண்டோடு சேர்த்து இதையும் சொல்லிப் பாருங்கள், உறவு காதுக்கே தெரியும்.

இனி கூட்டங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும், அவசரப்பட வேண்டாம்.

மாறவே மாறாத கூட்டம்தான் இருப்பதிலேயே எளிது: கட், புட், ஹிட், ஹர்ட், லெட், ஷட், செட், காஸ்ட், ஸ்ப்லிட், ஸ்ப்ரெட். எல்லாமே ட் ஓசையில் முடிவதைக் கவனித்தீர்களா? ஏற்கனவே இறந்தகாலம் போலவே ஒலிப்பதால் புதிதாக ஒன்றும் ஒட்டவில்லை. "ஹி கட்ஸ்" என்றால் வெட்டுகிறான், "ஹி கட்" என்று எஸ் இல்லாமல் வந்தால் வெட்டினான். அந்த ஒரு எஸ்தான் அடையாளம். ஆனால் ட்-இல் முடிவதெல்லாம் இந்தக் கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், வான்ட், வெய்ட் இரண்டையும் மேலே பார்த்தோம்.

மெல்லிய ட் வல்லினமாகும் கூட்டம்: ஸென்ட், ஸ்பென்ட், லென்ட், பென்ட், பில்ட். இவற்றில் டி போய், அதற்குப் பதில் பட்டின் ட், ஆங்கில எழுத்தில் "ட்டீ" வருகிறது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்று போலத் தெரிவதால் தொண்டையில் கை வைத்துத்தான் பழக வேண்டும்.

ஈ குறுகி எ ஆகும் கூட்டம் பெரியது, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. கீப் கெப்ட், ஸ்லீப் ஸ்லெப்ட், ஸ்வீப் ஸ்வெப்ட், வீப் வெப்ட், ஃபீல் ஃபெல்ட், டீல் டெல்ட், மீன் மென்ட், லீவ் லெஃப்ட். நெடில் குறிலாகும், கடைசியில் ஒரு ட் ஒட்டும். வினை ஏற்கனவே ட் ஓசையில் முடிந்தால் நெடில் மட்டும் குறுகும்: மீட் மெட், ஃபீட் ஃபெட், லீட் லெட், ப்ளீட் ப்ளெட். படித்தல் என்ற ரீட்டும் இதில்தான் சேர்கிறது, இறந்தகாலம் ரெட், ஆனால் எழுத்து கொஞ்சமும் மாறாது, எழுதியிருப்பதை வாய்விட்டுப் படிக்கும்போது சூழலைப் பார்த்துத்தான் ஓசையைத் தீர்மானிக்க வேண்டும். தமிழிலேயே காண் கண்டான், சா செத்தான் என்று நெடில் குறுகும் வினைகள் உண்டு, அதனால் இந்த மாற்றம் நமக்கு அந்நியமே இல்லை. சீட், அதாவது ஏமாற்றுவது, மேலே பார்த்த நீட் போன்ற சில மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராமல் சீட்டிட், நீடிட் என்று ஒழுங்காகப் போகும்.

இ என்பது ஆ-வுக்கும் ஏ-வுக்கும் நடுவில் வாய் அகலத் திறக்கும் ஓசையாக மாறும் கூட்டம்: ஸிங் ஸேங், ரிங் ரேங், ட்ரிங்க் ட்ரேங்க், ஸ்விம் ஸ்வேம், பிகின் பிகேன், ஸிட் ஸேட். இதன் பங்காளிக் கூட்டம் ஒன்று அ பக்கம் போகிறது: டிக் டக், ஸ்டிக் ஸ்டக், வின் வன், ஸ்பின் ஸ்பன், ஸ்விங் ஸ்வங். ப்ரிங் பார்க்க இவர்களைப் போலவே இருக்கும், ஆனால் ப்ரேங் கிடையாது. இந்தக் கூட்டத்தின் இழுப்பு எவ்வளவு பலமானது என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. 1958-இல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர், ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் க்ளிங் (ஜி எழுத்தில் தொடங்குவது) போன்ற இல்லாத வினைகளை உருவாக்கிக் கொடுத்து, நேற்று அவன் என்ன செய்தான் என்று கேட்டார். குழந்தைகள் பெரும்பாலும் இ-டி ஓசையைச் சேர்த்தார்கள். பெரியவர்களில் பலர், வாழ்க்கையில் அதுவரை கேட்டே இராத அந்தச் சொல்லை ஸிங் ஸேங் பாணியில் மாற்றிச் சொன்னார்கள். அவர்கள் காதில் கூட்டம் உட்கார்ந்துவிட்டது, அதைத்தான் நாமும் உட்கார வைக்கப் பார்க்கிறோம்.

ஓ, ஊ ஆகும் கூட்டத்தில் நோ ந்யூ, க்ரோ க்ரூ, த்ரோ த்ரூ, ப்ளோ ப்ளூ. ஃப்ளை ஃப்ளூவும், வரைவது என்ற ட்ரா ட்ரூவும் இங்கேயே சேர்ந்துகொள்கின்றன. ஷோ, ஃப்ளோ, க்ளோ மூன்றும் அதே ஓசையில் முடிந்தாலும் ஷோட், ஃப்ளோட், க்ளோட்தான். அழுவும் விழுவும் பிரிந்து நிற்கும் அதே வேடிக்கை.

இப்போது எல்லோரும் தடுக்கி விழும் கூட்டம். ப்ரிங் ப்ராட், பை பாட், திங்க் தாட், ஃபைட் ஃபாட், ஸீக் ஸாட், கேட்ச் காட், டீச் டாட். இங்கே நான் ஆ என்று எழுதும் ஓசையை ஆ-வுக்கும் ஓ-வுக்கும் நடுவில் உதட்டைக் குவித்துச் சொல்லுங்கள். எழுத்தில் ஜி-எச் எல்லாம் வரும், ஒன்றையும் உச்சரிக்கக் கூடாது. கொண்டுவந்தேன் எது, வாங்கினேன் எது என்று குழம்புகிறவர்களுக்கு ஒரு வழி: ப்ரிங்கில் ர் ஓசை உண்டு, அதனால் ப்ராட்டிலும் உண்டு, வாங்குதல் என்ற பை-யில் ர் இல்லை, பாட்டிலும் இல்லை. நினைத்தேன் என்பதற்கும் கற்பித்தேன் என்பதற்கும் அப்படியே, தொடக்க ஓசை மாறாது, திங்க் தாட், டீச் டாட். இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு இந்த இரண்டு ஜோடியில் தப்பு செய்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஓ பக்கம் போகும் கூட்டம் இன்னொன்று: ரைட் ரோட், ட்ரைவ் ட்ரோவ், ரைட் என்றே ஒலிக்கும் சவாரி செய்தலும் ரோட்தான், முடிவு மட்டும் மெல்ல ஒலிக்கும். ப்ரேக் ப்ரோக், ஸ்பீக் ஸ்போக், வேக் வோக், சூஸ் சோஸ், ஸ்டீல் ஸ்டோல், செல் ஸோல்ட், டெல் டோல்ட். டேக் டுக், ஷேக் ஷுக், ஸ்டான்ட் ஸ்டுட், அண்டர்ஸ்டான்ட் அண்டர்ஸ்டுட் என்று ஒரு சிறு கூட்டம். ஃபைன்ட் ஃபவுன்ட், பைன்ட் பவுன்ட் என்று இன்னொன்று. கூட்டமே இல்லாமல் தனியாக நிற்பவை டூ டிட், ஹேவ் ஹேட், மேக் மேட், ஸீ ஸா, சே செட், ஹியர் ஹர்ட், லூஸ் லாஸ்ட், ஈட் எய்ட். சே என்பதன் இறந்தகாலம் எழுத்தில் எஸ்-ஏ-ஐ-டி என்று இருந்தாலும் ஓசை செட்தான், ஸேய்ட் என்று நீட்டக் கூடாது. சாப்பிட்டேன் என்பதை அமெரிக்காவில் எய்ட் என்றும் பிரிட்டனில் பலர் எட் என்றும் சொல்வார்கள், இரண்டும் சரி. படுத்தல் என்ற லை, இறந்தகாலத்தில் லே. பொய் சொல்லும் லை, லைட். ஒரே ஓசை, பொருள் வேறு, அதனால் வழியும் வேறு.

டிட் வந்துவிட்டால் வினை ஓய்வெடுக்கட்டும்

கூட்டங்கள் எல்லாம் தெரிந்தும் வாக்கியத்தில் பிசகுவது இங்கேதான், அதனால் இதில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தமிழில் வந்தேன் என்பதன் எதிர்மறை என்ன? வந்தவில்லை என்று யாரும் சொல்வதில்லை. வரவில்லை. "வர" என்பதில் காலமே இல்லை, வெறும் வினை, மீதி வேலையை இல்லை என்ற துணைச்சொல் பார்த்துக்கொள்கிறது. "ஐ டிடின்ட் கம்" என்பதும் அப்படியே: டிட் இறந்தகாலத்தைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டது, கம் சும்மா வந்து நிற்கிறது. "ஐ டிடின்ட் கேம்" என்று உங்கள் வாயில் வரும்போதெல்லாம் அதைத் தமிழில் வந்தவில்லை என்று மாற்றிக் கேளுங்கள், காது தானாகக் கூசும்.

கேள்வியில் இந்த உதவி கிடைக்காது, ஏனென்றால் தமிழில் வந்தாயா என்று வினையிலேயே காலம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் "டிட் யூ கேம்" வருகிறது. டிட் யூ கம், டிட் ஷி கால், வேர் டிட் தே கோ என்று பத்து கேள்வியாவது தினமும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதைத் தவிர குறுக்கு வழி இல்லை. யார், எது என்று செய்தவரையே கேட்கும் கேள்வி மட்டும் விலக்கு, அங்கே டிட் வராது: "ஹூ கேம்", "வாட் ஹேப்பன்ட்". "வாட் டிட் ஹேப்பன்" என்று பலர் கேட்கிறார்கள், அது வேண்டாம். "ஐ வாஸ் வென்ட்" என்று வாஸ்-ஐ நடுவில் செருகுவதும் வேண்டாம். போய்க்கொண்டிருந்தேன் என்றால் "ஐ வாஸ் கோயிங்", போனேன் என்றால் "ஐ வென்ட்", இரண்டையும் கலக்கக் கூடாது.

தமிழ் நம்மை ஏமாற்றும் இடம் இரண்டு உண்டு. ஒன்று, நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன் என்று நாம் இயல்பாகச் சொல்வது. அதை அப்படியே மாற்றி "ஐ ஹேட் கான்" என்று விடுகிறோம். ஆங்கிலத்தில் ஹேட் கான் என்பது, கடந்துபோன வேறொரு சம்பவத்துக்கும் முன்பே போய்விட்டேன் என்று சொல்ல வேண்டும்போது மட்டும்: அவர் வந்து சேர்வதற்குள் நான் கிளம்பிப் போயிருந்தேன். ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்கிறீர்கள் என்றால் வென்ட் போதும். இன்னொன்று, சின்ன வயதில் தினமும் ஆற்றில் நீந்துவேன் என்கிற பேச்சு. வடிவம் எதிர்காலம், பொருள் இறந்தகால வழக்கம். அதை "ஐ வில் ஸ்விம்" என்று சொல்லிவிட்டால் கேட்பவர் இனிமேல் நீந்தப் போகிறீர்கள் என்று நினைப்பார். "ஐ யூஸ்ட் டு ஸ்விம்" என்று சொல்லுங்கள். ஹேவ் விஷயத்தில் மட்டும் தமிழ் கைகொடுக்கிறது. அவரைப் பார்த்திருக்கிறேன் என்போம், நேற்று பார்த்திருக்கிறேன் என்றால் ஏதோ இடறுகிறது, இல்லையா? ஆங்கிலத்திலும் நேற்று, போன வாரம், 2010-இல், இரண்டு நாள் முன்னால் என்று முடிந்துபோன நேரத்தைக் குறித்துவிட்டால் ஹேவ் ஸீன் வராது, ஸா மட்டும்தான்.

பழகும் முறை

ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வினையையும் மூன்று வாக்கியத்தில் ஓட்டுங்கள்: "ஐ ஸ்லீப் லேட். ஐ ஸ்லெப்ட் லேட். ஐ டிடின்ட் ஸ்லீப் லேட்." மூன்றாவது வாக்கியத்தை விடவே விடாதீர்கள், ஸ்லெப்ட் மறுபடி ஸ்லீப் ஆகத் திரும்புவதைக் காது பழக வேண்டும். சொற்களை வெறுமனே ஜோடி ஜோடியாகச் சொல்லிப் பழகியவர்கள் வாக்கியம் என்று வரும்போது மறுபடி பழைய இடத்துக்கே போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம், காலையிலிருந்து நடந்ததை ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லுங்கள், சின்னச் சின்ன வாக்கியமாக. எழுந்தேன், குளித்தேன், சாப்பிட்டேன், கிளம்பினேன், அவர் கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை, அப்புறம் நானே கூப்பிட்டேன். ஒரு வினை தெரியவில்லை என்றால் நிறுத்தாமல் இ-டி போட்டு ஓட்டிவிட்டு, பிறகு அகராதியில் பார்த்து எந்தக் கூட்டம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கற்கும் குழந்தைகளும் வென்ட் என்பதற்கு கோட் என்று இ-டி போட்டுச் சொல்லித்தான் கடந்து வருகிறார்கள், கேட்பவருக்கும் பொருள் புரிந்துவிடும்.

வாரத்தில் ஒரு முறை அந்த ஐந்து நிமிடத்தை ஃபோனில் பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்கும்போது எல்லாத் தவறையும் தேட வேண்டாம். முதல் முறை இ-டி வரும் இடங்களில் கூடுதல் அசை விழுகிறதா என்று மட்டும் கேளுங்கள், இரண்டாம் முறை டிட் வரும் இடங்களை மட்டும். முதல் வாரப் பதிவை அழிக்காமல் வைத்துக்கொண்டு நான்காம் வாரப் பதிவோடு அடுத்தடுத்து ஓடவிட்டுக் கேளுங்கள். ஆஸ்கெட், வாக்கெட் என்று முன்பு இரண்டு தட்டு விழுந்த இடங்களில் இப்போது எத்தனை தட்டு விழுகிறது என்று கையைத் தட்டியே எண்ணிப் பாருங்கள்.